ஐந்தரை மணிப் பச்சை

ஹாலிஃபாக்ஸ், கனடா
9 ஜூன் 2024

அன்பு டீனாவுக்கு,

கர்த்தர் கிருபையில் இங்கே நான் சுகம். நீயும் அப்பாவும் சுகம்தானே? அப்பா முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொள்கிறாரா, இல்லை போட்டதாகச் சொல்கிறாரா?

போன ஞாயிறு வீடியோ காலில் உன்னோடு பேசவே முடியவில்லை. முதலில் அப்பா, அப்புறம் பக்கத்து வீட்டு வள்ளியம்மா அக்கா. "ஏன்பா எரிக்கு, அங்க குளிர் சாஸ்தியா?" என்று ஜூன் மாதத்தில் கேட்கிறார். போன் உன் கைக்கு வந்தபோது "சாப்பிட்டியா" என்றேன், நீ "ம்" என்றாய். கல்யாணமாகி ஆறு வருடமான புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அந்தச் சின்ன வீட்டில் வேறென்ன பேச முடியும். அதனால்தான் இந்தக் கடிதங்களை விடாமல் டப்பாவில் போடுகிறேன்.

டப்பாவைப் பற்றி முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் ஒரு நர்ஸிடம் பெருமையாகச் சொன்னேன். பெங்களூர்ப் பையன்கள் செய்த மென்பொருள், நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லை, என் கணினியில் ஒரு பாட்டைப் போட்டால் நேராக என் மனைவியின் கணினிக்குப் போய்விடும், நான் அடிக்குரலில் பேஸ் பாடி அனுப்புவேன், அவள் அதன்மேல் பெண்குரலில் ஆல்டோ பாடி அனுப்புவாள் என்றேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கணினியை ஆன் செய்திருந்தால்தான் போகும் என்றால் அது என்ன வசதி?" அன்றிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன்.

உன் மடிக்கணினி நிரம்பிவிட்டது என்று எழுதியிருந்தாய். இரண்டு யோசனை சொல்கிறேன். ஒன்று, உன்னிடம் பாட்டுகளின் பெயர் மட்டும் இருக்கட்டும். வேண்டும்போது தொட்டால் என்னிடமிருந்து வரும். இன்னொன்று, எப்போதும் அணையாத சின்னப் பெட்டி ஒன்றை மூன்றாவது கணினியாக வைப்போம். நான் போடுவதை அது வாங்கிப் பூட்டி வைக்கும், நீ எழுந்ததும் உனக்குக் கொடுக்கும். அந்த வசதியை டப்பாவில் சேர்க்கச் சொல்லி அவர்கள் இணைய மன்றத்தில் எழுதியிருக்கிறேன். நீ டெஸ்டிங்கில் இருப்பவள், உன் கருத்தைச் சொல்.

அப்பாவுக்கு என் அன்பு.

உன்
எரிக்


ஜோகுபாளையம், பெங்களூர்
13 ஜூன் 2024

அன்புள்ள எரிக்,

இங்கே நானும் மாமாவும் ஆண்டவர் தயவில் நலம். எண்ணெயைப் போடுவது நான், அதனால் மாமா போட்டதாகப் பொய் சொல்ல வழியில்லை. உங்களுக்கு இடுப்பு வலி எப்படி? படுக்கையிலிருந்து ஆட்களைத் தூக்கும்போது குனியாதீர்கள்.

முதல் யோசனை வேண்டாம். பெயர் என்னிடம், பாட்டு உங்களிடமா? ரேஷன் கார்டில் ஏற்கெனவே உங்கள் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. அந்தத் தினுசு ஒன்று போதும். இருமலோடு பாடியதையெல்லாம் அழித்தால் இடம் கிடைக்கும் என்று முன்பு சொன்னீர்கள். அதையும் செய்ய மாட்டேன். பாட்டுக்கு முன்னால் தொண்டையைச் செருமிவிட்டு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுகிறீர்களே, தொம்மலூர் பஸ்ஸில் நான் கேட்பது அதைத்தான். பாட்டு வருவதற்குள் என் ஸ்டாப் வந்துவிடும்.

இரண்டாவது யோசனைக்கும் இந்த டெஸ்டரின் பதில் வேண்டாம் என்பதுதான். மூன்று இடத்தில் பிரதி இருந்தால் எது புதியது, எது பழையது என்று மூன்றுக்கும் சண்டை வரும். பூட்டி வைக்கும் என்கிறீர்கள், சாவி தொலைந்தால் யாரைக் கேட்பது? நம் தெருவில் மழை வரும் என்று பேப்பரில் போட்டாலே கரெண்ட் போய்விடுகிறது. பெட்டி எங்கே அணையாமல் இருக்கப் போகிறது?

அதுவும் இல்லாமல், டிசம்பரில் வரப்போகிறவருக்கு இப்போது எதற்கு இத்தனை ஏற்பாடு? நம் கோவில் பாடகர் குழுவை நடத்தும் ஞானசேகரன் சார் இப்போதே கேட்கிறார், "கிறிஸ்மஸுக்கு பேஸ் நம்ம எரிக்தானம்மா?" என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை ஐந்தரைக்கும் டப்பாவில் உங்கள் பெயர் பக்கத்தில் பச்சை எரிந்தது, அந்தப் பக்கம் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று. சந்தோஷம்.

உங்கள்
டீனா


ஹாலிஃபாக்ஸ்
30 ஜூன் 2024

அன்பு டீனாவுக்கு,

நான் நலம், இடுப்பும் நலம். அப்பாவின் மாத்திரை தீர்வதற்குள் வாங்கிவிடு.

மன்றத்தில் என் யோசனைக்கு நல்ல வரவேற்பு. டப்பாவைப் பராமரிக்கும் உமேஷ், செய்து பார்க்கலாம் என்றார். அதற்குள் எங்கிருந்தோ ஒரு ஆள் வந்து சேர்ந்தான். பெயர் "அல்சூர் கொசு". சொந்தப் பெயரில் வரத் துணிச்சல் இல்லை. "ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்கும் குடும்பங்களுக்கு இந்தப் பெட்டி தேவை" என்று நான் பண்பாக எழுதினேன். அவன் எழுதுகிறான்: "தூங்குகிறவரை எழுப்பாமல் வாசலில் சாமானை வைத்துவிட்டுப் போக டப்பா என்ன கூரியரா?" அதற்குப் பதினெட்டுப் பேர் சிரித்திருக்கிறார்கள்.

சாவி, பிரதிச் சண்டை, கரெண்ட் என்று அவன் அடுக்குவதெல்லாம் நீ சொன்ன காரணங்களேதான். டெஸ்டிங் ஆட்கள் எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தீர்களோ என்னவோ. நானும் விடவில்லை. எது எப்போது வந்தது என்று பிரதிகளுக்கு நேரமுத்திரை போட்டால் சண்டை வராது, சாவி நம் இருவரிடமும் இருக்கும், பெட்டிக்குச் சின்ன பேட்டரி வைக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

புதிய கீர்த்தனையின் பேஸ் பாகம் போட்டிருக்கிறேன். மூன்றாவது சரணத்தில் மூச்சு வாங்குகிறது, மன்னித்துக்கொள்.

உன்
எரிக்


ஜோகுபாளையம்
8 ஜூலை 2024

அன்புள்ள எரிக்,

நாங்கள் நலம். மாத்திரை வாங்கியாயிற்று. நீங்கள் நேரத்துக்குத் தூங்குகிறீர்களா? பாட்டில் குரல் களைத்திருக்கிறது.

அந்தக் கொசு மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? நான் அந்த மன்றத்துப் பக்கம் போவதே இல்லை. ஆனாலும் அந்த ஆள் கேட்பதில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. உமேஷும் உங்களுக்கு முழுசாகத் தலையாட்டவில்லையே, ஓட்டெடுப்பு வைக்கலாம் என்றுதானே வியாழக்கிழமை எழுதினார்?

உங்களை ஒன்று கேட்டிருந்தேன், அதற்குப் பதில் இல்லை. நேரமுத்திரை, பேட்டரி எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறீர்கள். டிசம்பருக்கு மட்டும் எழுதவில்லை. டிக்கெட் இப்போதே பார்த்தால்தான் கிடைக்கும் என்று மாமா சொல்கிறார்.

ஆல்டோ கொஞ்ச நாள் தாமதமாகும். தொண்டையில் சளி.

உங்கள்
டீனா


ஹாலிஃபாக்ஸ்
11 ஆகஸ்ட் 2024

அன்பு டீனாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். சளி இன்னுமா போகவில்லை? மிளகுப் பால் குடி. ஒரு மாதமாக ஆல்டோ வரவில்லை, என் பேஸ் மட்டும் தனியாகக் கிடக்கிறது. தனியாக ஓடவிட்டுக் கேட்டால் ஏதோ வீட்டில் யாரோ சாமான் நகர்த்துகிற மாதிரி இருக்கிறது.

கொசு என்னைத் தூங்க விடவில்லை. போன வாரம் எழுதினான்: "பெட்டி வைத்தால் கோப்பு சேர்ந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். சேர வேண்டியது கோப்பு மட்டும்தானா என்று யோசனை சொன்னவர் ஒருமுறை யோசிக்கட்டும்." இதற்கெல்லாம் என்ன தொழில்நுட்பப் பதில் எழுதுவது?

லீவு விஷயம் மேலிடத்தில் இன்னும் பேசவில்லை. பேசிவிட்டுச் சொல்கிறேன். இங்கே கோடையில் எல்லாரும் லீவில் போய்விடுகிறார்கள், கேட்க ஆள் இல்லை.

என் கணினி இப்போதெல்லாம் அடுப்பு மாதிரி சுடுகிறது. அதற்காகவாவது பெட்டி வந்தால் நல்லது.

உன்
எரிக்


ஜோகுபாளையம்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள எரிக்,

நலம். மாமாவும் நலம், நேற்று ஏரி வரைக்கும் நடந்துவிட்டு வந்தார்.

சளி சரியாகிவிட்டது. ஆல்டோ போட்டிருக்கிறேன். முதல் வரியில் குரல் நடுங்குகிறது, அழிக்காதீர்கள்.

போன மாதம் ஒரு காலையில் நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தது எனக்குப் பெரிய துணையாக இருந்தது. எந்தக் காலை, ஏன் என்று இப்போது கேட்க வேண்டாம். வந்தபின் சொல்கிறேன்.

உங்கள்
டீனா


ஹாலிஃபாக்ஸ்
22 செப்டம்பர் 2024

டீனா,

நீ நலமா? இந்த முறை வழக்கத்துக்குக் கேட்கவில்லை. நீ நலமா?

ஓட்டெடுப்புக்கு முன்னால் கொசு கடைசியாக ஒன்று எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று முறை படித்தேன். தமிழில் எழுதிப் பார்த்தேன்:

"என் வீட்டுக்காரர் வேறு நாட்டில் இருக்கிறார். காலையில் பச்சை எரிந்தால், ஹீட்டர் பக்கம் காலை நீட்டிக்கொண்டு, பெருவிரலில் ஓட்டை விழுந்த நீலக் காலுறையோடு அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். நாங்கள் எதுவும் பேசுவதில்லை. வீடு எழுவதற்குள் நான் காபி குடித்துக்கொண்டே என் பாகத்தை மெதுவாகப் பாடுவேன். அவருக்குக் கேட்காது. பெட்டி வந்துவிட்டால் யாரும் யாருக்காகவும் உட்கார வேண்டியதில்லை. உங்கள் வசதி எனக்குப் புரிகிறது. எனக்கு வேண்டியது வசதி இல்லை."

என் காலுறையில் ஓட்டை இருப்பது உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று மாதமாக என் சொந்தப் பெண்டாட்டியோடு மன்றத்தில் சண்டை போட்டிருக்கிறேன். சிரித்திருப்பேன் டீனா, சிரிக்கிற நிலையில் இருந்திருந்தால்.

மே மாதத்திலிருந்து எனக்கு இரவு வேலை. உன் ஐந்தரை மணிக்கு நான் முதியோர் இல்லத்தில் யாருக்காவது படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பேன். பச்சை அணைந்திருந்தால் நீ தேடுவாய் என்று கணினியை அணைக்காமல் போனேன். அது இரவும் பகலும் ஓடித்தான் அப்படிச் சுடுகிறது. பகலில் தூங்கி எழுந்து பாடி வைத்துவிட்டுப் போவேன். பொய்யாக ஒரு விளக்கை எரியவிட்டுப் போகிறோமே என்று தினமும் உறுத்தியது. பெட்டி வந்துவிட்டால் எதையும் சொல்லாமலே அணைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒரு வருடம் இரவு வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்டால்தான் உன் விசா தாள்களை நகர்த்துவதாகச் சொன்னார்கள். இந்த டிசம்பரில் லீவு இல்லை. இதை எழுதத்தான் ஜூனிலிருந்து நேரமுத்திரை, பேட்டரி என்று சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் எந்தக் காலை? என்ன நடந்தது? நான் அங்கே இல்லை, டீனா.

எரிக்


ஜோகுபாளையம்
20 அக்டோபர் 2024

எரிக்,

மாமா சுகம். நானும் சுகம்தான், கீழே சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த காலையிலும் பச்சை எரிந்துகொண்டிருந்தது. கணினியை மூடி மாமாவின் பீரோவில் வைத்துவிட்டேன். இத்தனை நாள் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது பாத்திரம் விளக்குவதாகச் சொன்னேன். பாத்திரம் எதுவும் இல்லை.

ஜூலையிலேயே கழுத்தில் ஒரு கட்டி. சளி என்று எழுதியது பொய். ஆகஸ்டில் ஊசி குத்திப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மாமாவிடம் சொன்னால் அவருக்கு பிரஷர் ஏறும். உங்களிடம் சொன்னால் ராத்திரியோடு ராத்திரியாக டிக்கெட் தேடுவீர்கள். போகிற அன்று காலையில் கணினி முன்னால் உட்கார்ந்து அந்தப் பச்சையிடம் சொன்னேன், வாய் விட்டே சொன்னேன்: "எரிக், பயமா இருக்கு. பாட முடியாம போயிட்டா என்ன பண்றது?" அந்தப் பக்கம் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்ற தெம்பில் தனியாக ஆட்டோ பிடித்துப் போனேன். சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்தது. இனிப் பயம் இல்லை.

உங்கள் மேல் கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்காகத்தான் கையெழுத்துப் போட்டீர்கள். போடுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைவிட அதிகம் கோபம் என் மேல். பத்து வருடமாக ஆபீஸில் புதுசாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான்: விளக்கு எரிந்தால் மெஷின் ஓடுகிறது என்று அர்த்தம், ஆள் இருக்கிறார் என்று அர்த்தம் இல்லை. அதை ஆபீஸில் சொல்லிவிட்டு, வீட்டில் ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அஞ்சு மாதம் பாடியிருக்கிறேன்.

பெட்டி வரட்டும். மன்றத்தில் கொசு தன் ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டது. எத்தனை மாதம் சண்டை போட்டாய் என்று உமேஷ் கேட்கவில்லை, கன்னடத்தில் "ஆய்து குரு", சரி ஆச்சுப்பா என்று முடித்துக்கொண்டார். பெட்டியை ஃபிரிட்ஜ் மேல் வைத்து நானே இணைக்கிறேன். பாட்டும் கடிதமும் அது வழியாக வரட்டும், நீங்கள் விழித்திருந்தாலும் தூங்கினாலும்.

ஆனால் ஒரு நிபந்தனை. வேலைக்குப் போகும்போது உங்கள் கணினியை அணைத்துவிட்டுப் போங்கள். அணைந்திருந்தால் அணைந்தே இருக்கட்டும், நான் தாங்கிக்கொள்வேன். வருடத்தில் ஒரு நாள் எரிந்தாலும் அது நீங்களாக இருக்க வேண்டும்.

டீனா


ஹாலிஃபாக்ஸ்
3 நவம்பர் 2024

அன்பு டீனாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய்க் குளிரில் நின்றேன். கழுத்தில் கை வைத்துப் பார்க்கக்கூட நான் அங்கே இல்லை. ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் பெட்டியில் போடு, என் கண்ணால் பார்க்க வேண்டும்.

இனி உன்னைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். இதை உன் கொசுவிடமும் சொல்லிவிடு.

கிறிஸ்மஸ் பாட்டுகளின் பேஸ் நாலும் போட்டாயிற்று. ஞானசேகரன் சாரிடம் நானே பேசிக்கொள்கிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "சரிடா, ஸ்வெட்டர் போட்டுக்க" என்றார்.

இந்தக் கடிதத்தைப் போட்டதும் கணினியை அணைக்கப் போகிறேன். அந்தப் பொத்தானை அழுத்த என்னவோ போல் இருக்கிறது. இருந்தாலும் அழுத்துகிறேன்.

உன்
எரிக்


ஜோகுபாளையம்
26 டிசம்பர் 2024

அன்புள்ள எரிக்,

நானும் மாமாவும் சுகம். ஃபிரிட்ஜ் மேல் பெட்டியும் சுகம். வள்ளியம்மா அக்கா அதை சோப்பு டப்பா என்று நினைத்துத் தூக்கப் பார்த்தார், அவ்வளவுதான்.

உங்கள் பாட்டுகள் எல்லாம் ஒழுங்காக வந்துசேர்ந்தன. நீங்கள் சொன்னது சரிதான், அது நல்ல வசதி. ஒரு கோப்பும் தவறவில்லை. நேற்றுக் கோவிலில் ஞானசேகரன் சார் உங்கள் பேஸை ஸ்பீக்கரில் வைத்து எங்களைப் பாட வைத்தார். நீங்கள் தொண்டையைச் செருமியதை வெட்டிவிடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். சபை முழுக்க உங்கள் "ஒண்ணு, ரெண்டு" கேட்டது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நவம்பர் முழுக்கவும் டிசம்பரிலும் ஐந்தரைக்கு எழுந்து பார்ப்பேன். உங்கள் பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கும். முதல் சில நாள் அதைப் பார்த்துவிட்டு அழுதேன், மறைப்பானேன். பிறகு பழகியது. வேலைக்குப் போயிருக்கிறார், பொய் இல்லை என்று சொல்லிக்கொண்டு காபியை எடுத்துக்கொண்டு மாமா பக்கம் போய்விடுவேன்.

இன்றும் வழக்கம்போலப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன். பாதி எழுந்தவள் திரும்பிப் பார்த்தேன். பச்சை.

உங்களுக்கு அங்கே கிறிஸ்மஸ் ராத்திரி. ஒரு நாள் கொடுத்துவிட்டார்களா? யாரிடம் கெஞ்சினீர்கள்? சொல்லாமல் வைத்திருந்தீர்களே. இல்லை, எதையும் இப்போது சொல்ல வேண்டாம். நான் இதைப் போட்ட மறுநிமிடம் உங்களிடம் வந்துவிடும், தெரியும். உடனே பதில் அடிக்கத் தொடங்காதீர்கள். பேஸ் அனுப்பாதீர்கள். விசா எங்கே நிற்கிறது என்றும் எழுதாதீர்கள்.

வீடு இன்னும் எழவில்லை. நான் காபியோடு வந்து உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் சும்மா உட்காருங்கள்.

உங்கள்
டீனா